நல்ல நாடி

எனக்கு அறுபத்தொரு வயது. மலைத் தோட்டத்துக்கு ஏறி, சேப்பங்கிழங்குக் கூடையோடு இறங்கி வந்தாலும் மூச்சு வாங்காது. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்குமே நெஞ்சு உறுதி. என் கணவர், போதகர் ஃபெரெட்டிக்குத்தான் அப்படி இல்லை. அதைக் கேட்கத்தானே தலைநகர் ஆபியாவிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், உட்காருங்கள் ஐயா.

நாடியைக் கணக்கெடுத்து மருத்துவமனைக்கு அனுப்பும் கறுப்புக் கைப்பட்டைகள் வந்தபோது, எங்கள் ஊரில் யாரும் தொடவில்லை. கட்டிக்கொண்டால் சீக்காளி என்று நாமே தமுக்கடித்த மாதிரி. "கோழிக்குக் கால்ல கட்டுவாங்க, நமக்குக் கையிலயா?" என்று மாதர் சங்கத் தலைவி லெயிலுவா கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸ் தெலேசியா கெட்டிக்காரி. நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, போதகர் ஐயா கட்டினால் ஊரே கட்டும் என்றாள். அடுத்த ஞாயிறு அவர் பிரசங்க மேடையில் கையைத் தூக்கிக் காட்டினார். மாதம் முடிவதற்குள் நாற்பத்து மூன்று பேர் கட்டியிருந்தார்கள். லெயிலுவாவும்தான்.

இரண்டாம் மாதம் தெலேசியா தனியாக என்னிடம் வந்தாள். ஐயாவின் நாடி தாறுமாறாக ஓடுகிறது, மாத்திரை வேண்டும், பன்றிக் கொழுப்பும் தேங்காய்ப்பாலும் கூடாது என்றாள். இங்கே போதகர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை உணவு ஊரிலிருந்து வரும். ஒவ்வொரு வீடும் தன்னிடம் உள்ளதில் சிறந்ததைக் கொண்டுவரும். அதை வேண்டாம் என்பது அந்த வீட்டையே வேண்டாம் என்பது போல. இருந்தும் சொல்லிப் பார்த்தேன். லெயிலுவாவின் கண் கலங்கிவிட்டது.

"எங்க கைச் சோறா ஐயாவுக்கு நோவு குடுத்துச்சு, அம்மா?"

சபைக்கு இனி இளவயதுப் போதகர் ஒருவரை அழைக்கலாமே என்று யாரோ சொன்னதும் என் காதுக்கு வந்தது. இந்த வீடு சபையுடையது. முப்பது வருடம் இதில் இருந்திருக்கிறோம். ஆனால் நான் செய்ததற்கு அது காரணமில்லை. லெயிலுவாவின் கண்ணீர்தான் காரணம்.

அவருடைய பட்டையைக் கழற்றி என் கையில் கட்டிக்கொண்டேன். அவருக்கு அதே நிறத்தில் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். வெள்ளைக் கோட்டின் விளிம்பில் கறுப்பு வார் தெரிந்தால் போதும். என் கையை நீளச் சட்டை மறைத்தது. இது பொய்யில்லையா என்று அவர் கேட்டார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே உடல் என்று கல்யாணத்துக்குக் கல்யாணம் நீங்கள்தானே சொல்கிறீர்கள் என்றேன். சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அந்தச் சிரிப்பு இல்லாத வீட்டில் இப்போது எனக்குக் காலை விடிவதே பிடிக்கவில்லை.

அதன்பின் கணக்கெல்லாம் நன்றாக வந்தது. பெரிய டாக்டர் மகிழ்ந்துபோய் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். நான் பாதிதான் கொடுத்தேன். டாக்டர் சொன்னதை மீறும் பழக்கம் எனக்கில்லை. என் கணவர் வழக்கம்போல எல்லார் வீட்டுச் சாப்பாட்டையும் சாப்பிட்டார். கால் வீங்கியது. தெலேசியா ஒருமுறை அந்தக் காலையும் என் முகத்தையும் பார்த்தாள். போதகர் மனைவியைக் கேள்வி கேட்பது எங்கள் ஊர் வழக்கமில்லை.

சபையில் பிள்ளைகளைக் கொண்டாடும் குழந்தைகள் ஞாயிறன்று, ஊரே பட்டை கட்டிய அதிசயத்தைப் பார்க்க ஆபியாவிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். காலையில் அவர் கையை நீட்டினார். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, இன்றைக்கு மட்டும் பட்டையைக் கொடு என்றார். இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்றேன். நாளைக்குத் தருவதாகத்தான் இருந்தேன்.

ஆராதனை முடிந்தது. கோட்டைக் கழற்ற அறைக்குள் போனவர் பாயில் சரிந்தார். நான் மட்டும்தான் பக்கத்தில் இருந்தேன். கூடத்தில் விருந்து நடந்துகொண்டிருந்தது. தெலேசியா அங்கேதான் இருந்தாள். இருபதடி தூரம்.

"தெலேசியாவக் கூப்பிடும்மா."

"இதோ, இத மாட்டிட்டுக் கூப்பிடுறேங்க."

அவருடைய கடிகாரத்தைக் கழற்றினேன். என் பட்டையைக் கழற்றினேன். என் மணிக்கட்டு சிறியது, துளையை மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு முறை கொக்கி நழுவியது. அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எனக்கு வசதியாக, கையை மெல்லத் திருப்பிக் கொடுத்தார். கடவுளே, அந்தக் கையை நான் எப்படி மறப்பேன்.

மாட்டியபின் கூப்பிட்டேன். அவள் வரும்போது மூச்சு நின்றிருந்தது.

நிமிடத்துக்கு எழுபத்து நான்கு முறை நிதானமாகத் துடித்த நெஞ்சு, சிறு இடைவெளிக்குப் பின் தாறுமாறாகிச் சட்டென்று நின்றதாகப் பட்டையில் பதிவாகியிருக்கிறது. ஒரே மனிதனின் நெஞ்சு அப்படி மாறாது என்று தெலேசியாதான் உங்களுக்கு எழுதினாளாம். சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். இடைவெளி நான்கு நிமிடம் என்கிறீர்கள். எனக்கு அவ்வளவு நேரமாகத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், இதைக் கட்டியும் ஐயா போய்விட்டாரே என்று லெயிலுவா தன் பட்டையைக் கழற்றி எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு ஒவ்வொருவராக மற்றவர்களும் வைத்தார்கள். கூடையில் போட்டு வைத்திருக்கிறேன், போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.

நான்தான் அவரைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதையும் சேர்த்து எழுதுங்கள். எல்லோரும் உள்ளே ஓடிவந்தபோது பட்டை அவர் கையில்தான் இருந்தது. அவரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை.