மாமா சரின்னு சொல்லணும்

வாலு: மாமா, கதவைப் பார்க்காத. வெளியில வாட்ச்மேன்கிட்ட சொல்லி வச்சாச்சு.

மாமா: நான் எங்க கதவைப் பார்த்தேன்? மணி என்னன்னு கடிகாரத்தைப் பார்த்தேன்.

வாலு: கடிகாரம் உன் முதுகுக்குப் பின்னாடி இருக்கு.

சிஸ்டர்: சார், சட்டைக் கையைக் கொஞ்சம் மேல ஏத்துங்க.

மாமா: ஏத்தறேன் சிஸ்டர்... இந்தப் பட்டன் கழல மாட்டேங்குது.

வாலு: அரைக்கை சட்டையில பட்டன் ஏது மாமா?

சிஸ்டர்: முதல் தடவை வந்தப்போ வண்டியை நோ பார்க்கிங்ல விட்டுட்டேன்னு போனீங்க. ரெண்டாவது தடவை பாத்ரூம் போறேன்னு போனவர், பஸ் ஏறிட்டீங்க.

மாமா: சைட்ல இருந்து அவசரமா கூப்பிட்டாங்க சிஸ்டர். கிரேன் அந்தரத்துல நின்னுட்டா நான்தானே மேல ஏறணும்?

வாலு: இவ்வளவு பெரிய கிரேன் உச்சியில ஒத்தை ஆளா உக்காந்துக்கிட்டு டீ குடிப்பாரு சிஸ்டர் எங்க மாமா. காத்து அடிச்சா அந்தக் கூண்டே ஆடுமாம். அதுக்கெல்லாம் பயமே கிடையாது. ஊசின்னா மட்டும்...

மாமா: உயரம் வந்து என்னைக் குத்தறதில்லையே.

சிஸ்டர்: ஒரு நிமிஷம்தான் சார். வலி தெரியாம மரத்துப்போக முதல்ல இந்த க்ரீமைத் தடவி விடறேன்.

மாமா: ஏன் சிஸ்டர், இது குழந்தைங்க ஆஸ்பத்திரிதானே? கழுதை வயசான எனக்கு எதுக்கு இங்க? பெரியவங்க ஆஸ்பத்திரியில போட்டுக்கறேனே.

சிஸ்டர்: போட்டுக்குவீங்களா?

வாலு: மாட்டாரு.

மாமா: உன்னையா கேட்டாங்க?

சிஸ்டர்: சார், மறுபடியும் சொல்றேன். இவளுக்கு எலும்பு மஜ்ஜை மாத்தினதுல, பழைய ரத்தத்தோட சேர்ந்து சின்ன வயசுல போட்ட தடுப்பூசியோட பலனும் போயிடுச்சு. பிறந்த குழந்தைக்குப் போடற மாதிரி முதல்ல இருந்து போட்டுக்கிட்டு வர்றோம். இதோ, காலையிலகூட ரெண்டு போட்டுக்கிட்டா.

வாலு: ரெண்டு கையிலயும். போடும்போதே ஒரு ஜோக் சொன்னேன். சிஸ்டர்தான் சிரிக்கலை.

சிஸ்டர்: கையில ஊசி இருக்கும்போது நான் சிரிக்க மாட்டேன்டி... தட்டம்மை ஊசி மட்டும் இவளுக்கு இப்ப போட முடியாது சார். அதுல இருக்கறது உயிருள்ள கிருமி. பலத்தைக் குறைச்சுத்தான் வச்சிருப்பாங்க, உங்களையும் என்னையும் ஒண்ணும் பண்ணாது. இவ உடம்பு அதைத் தாங்கறதுக்கு இன்னும் ஒரு வருஷமாவது ஆகணும். அதுவரைக்கும் சுத்தி இருக்கறவங்கதான் இவளுக்கு வேலி.

மாமா: புரியுது...

சிஸ்டர்: அப்பா போட்டாச்சு, அம்மா போட்டாச்சு, அண்ணன் போட்டாச்சு. ஸ்கூலுக்குப் போன் மேல போன் போட்டு, இவ வகுப்புல ஒரு பிள்ளை விடாம விசாரிச்சாச்சு. டீச்சரைக்கூட இங்க வரவழைச்சுப் போட்டுவிட்டேன். வேலியில இப்ப ஒரே ஒரு ஓட்டை.

வாலு: மீசை வச்ச ஓட்டை.

மாமா: ஏய், வாலு... பேசாம இரு கொஞ்சம்.

சிஸ்டர்: ஸ்கூல் திறக்க இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. ஊசி போட்டாலும் உடம்புல அது வேலை செய்ய அந்த ரெண்டு வாரம் வேணும். இன்னைக்கு விட்டா டாக்டர் இவளை ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டார். கறாரா சொல்லிட்டார்.

மாமா: நான் வேணா... கொஞ்ச நாளைக்கு வெளியில ஒரு ரூம் எடுத்துத் தங்கிக்கறேனே. சைட்டுக்குப் பக்கத்துலயே. அப்ப இவளுக்கு ஆபத்து இல்லைதானே?

சிஸ்டர்: ஒரு வருஷமா?

மாமா: ஒரு வருஷம் ஓடிப்போயிடும்.

சிஸ்டர்: ஆச்சரியமா இருக்கு சார். இந்தச் சின்ன ஊசிக்கா இப்படி வேர்த்து வழியறீங்க? அன்னைக்கு அவ்வளவு பெரிய...

மாமா: சிஸ்டர்.

சிஸ்டர்: ... அது வந்து...

வாலு: என்னைக்கு? என்ன பெரிய?

மாமா: ஒண்ணுமில்ல. சிஸ்டர் வேற யாரையோ நினைச்சுக்கிட்டுப் பேசறாங்க. தினம் எத்தனை பேரைப் பார்க்கறாங்க, பாவம்.

சிஸ்டர்: ஆமாமா. வேற யாரோ.

வாலு: ஓஹோ.

மாமா: சிஸ்டர், ஒரு வழி சொல்றேன். நல்ல தடியா நாலு பேரைக் கூப்பிடுங்க. அமுக்கிப் பிடிச்சுக்கச் சொல்லி, குத்திவிட்டுடுங்க. நான் கோவிச்சுக்கவே மாட்டேன்.

சிஸ்டர்: இந்த ரூம்ல யாரையும் அமுக்கிப் பிடிக்கறது இல்ல சார். பராக்குக் காட்டி ஏமாத்திப் போடறதும் இல்ல. மத்த இடத்துல நாலு பேர் அமுக்கிப் பிடிச்சதுல மிரண்டுபோன பிள்ளைங்கதான் கடைசியா என்கிட்ட வருது. இங்கயும் அதையே பண்ணினா அதுங்க எங்க போகும்? அதுங்க வாயால சரின்னு சொல்லணும். சொன்னாத்தான் ஊசியைக் கையில எடுப்பேன்.

மாமா: நான் பிள்ளை இல்லையே.

வாலு: பிள்ளையா இருந்திருந்தா இந்நேரம் போட்டு முடிச்சு வீட்டுக்குப் போயிருக்கும்.

சிஸ்டர்: போன மாசம் ஒருத்தன் வந்தான். மேஜைக்கு அடியில உக்காந்தாத்தான் போட்டுக்குவேன்னான். சரின்னு நானும் அடியில தவழ்ந்து போய்ப் போட்டேன். திரும்பி எழுந்திரிக்கத்தான் ரெண்டு பேர் வந்து என்னைத் தூக்க வேண்டியதாப் போச்சு. உங்களுக்கும் அடியில வேணும்னா சொல்லுங்க.

மாமா: அந்த மேஜைக்கு அடியில என் கால் மட்டும்தான் கொள்ளும்.

வாலு: அப்போ மேஜையை உன் மேல கவுத்து வச்சுக்க.

சிஸ்டர்: சும்மா இருடி. சார், தண்ணி குடிங்க. அவசரமே இல்ல. சாயங்காலம் வரைக்கும் நான் இங்கதான்.

வாலு: மாமா, ஒண்ணு சொல்லவா?

மாமா: கிண்டல் பண்றதா இருந்தா வேண்டாம்.

வாலு: கிண்டல் இல்ல... ஸ்கூல் பை எடுத்து வச்சுட்டேன். புது பென்சிலைச் சீவிச் சீவி, அது இப்பவே கட்டையாயிடுச்சு. என் ஃப்ரண்டு அவ பக்கத்துல எனக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கா.

மாமா: தெரியும்டா.

வாலு: ஆனா பரவாயில்ல. நான் போகலை.

மாமா: ஏய்...

வாலு: நிஜமாத்தான். நீ வெளியில போய் ரூம் எடுத்துத் தனியா இருக்கறதுக்கு, நான் ஜன்னல்கிட்டயே உக்காந்துக்கறேன். எனக்கு அது பழகிப்போச்சு. எல்லாரும் ஸ்கூலுக்குப் போறப்போ கை காட்டுவேன், வர்றப்போவும் கை காட்டுவேன். ராத்திரி நீ வந்தா சண்டை போட ஆள் இருக்கும். நீ இல்லாட்டி வீடு போரடிக்கும் மாமா. ஏய், அழறியா?

மாமா: வேர்வை.

வாலு: கண்ணுல வேர்க்குமா?

மாமா: எனக்கு வேர்க்கும்... சிஸ்டர்.

சிஸ்டர்: சொல்லுங்க சார்.

மாமா: அந்த க்ரீம் தடவினீங்களே, அந்த இடம் மரத்துப்போச்சான்னு பாருங்க.

சிஸ்டர்: இருங்க.

மாமா: ஆ... வலிக்குது.

சிஸ்டர்: நான் இன்னும் தொடவே இல்ல சார்.

மாமா: ... சரி.

சிஸ்டர்: என்ன சொன்னீங்க?

மாமா: சரின்னேன். போடுங்க. ஆனா குத்தறதுக்கு முன்னாடி சொல்லிட்டுக் குத்துங்க. இவ கையைப் பிடிச்சுக்கறேன்.

வாலு: இறுக்காத மாமா, அந்தக் கையிலயும் காலையில போட்டாங்க.

மாமா: ஐயோ, சாரிடா. விரலை மட்டும் பிடிச்சுக்கறேன்.

வாலு: தோளைத் தொங்கவிடு. விறைச்சுக்கிட்டா வலி ஜாஸ்தி. மூக்கால இழு... வாயால விடு, சுடு பாலை ஆத்தற மாதிரி மெதுவா. இன்னொரு தடவை...

சிஸ்டர்: இப்ப குத்தறேன் சார்.

மாமா: ம்ம்ம்...

வாலு: விடு, விடு, மூச்சை விடு. அப்படித்தான் மாமா. சூப்பரா பண்ற.

சிஸ்டர்: மருந்து போகுது... ஆச்சு. பஞ்சை அமுக்கிப் பிடிச்சுக்கங்க.

மாமா: ஆச்சா?

சிஸ்டர்: ஆச்சு.

மாமா: அவ்வளவேதானா?

சிஸ்டர்: அவ்வளவேதான்.

மாமா: ஏன் சிஸ்டர், இதுக்கா நான் பஸ் ஏறி ஓடினேன்?

வாலு: இரு, கதவைத் திறந்து சொல்லிட்டு வர்றேன்... மாமா போட்டுக்கிட்டாரு! எங்க மாமா ஊசி போட்டுக்கிட்டாரு!

மாமா: ஏய், மானத்தை வாங்காத... அது என்ன சத்தம்?

சிஸ்டர்: வெயிட்டிங் ஹால்ல கை தட்டறாங்க.

மாமா: யாரு?

வாலு: எல்லாரும். வாட்ச்மேன்கூட. நீ ஓடினது இந்த ஆஸ்பத்திரி பூரா தெரியும் மாமா.

சிஸ்டர்: டாக்டர்கிட்ட நானே போய்ச் சொல்றேன். வேலி அடைச்சாச்சுன்னு சொல்லப் போறேன். ஸ்கூல் திறக்கற அன்னைக்கு முதல் மணி அடிக்கறப்போ நீ உள்ள இருக்கணும்டி, என்ன?

வாலு: நிஜமாவா சிஸ்டர்?

சிஸ்டர்: நிஜமா. இந்த ஊசி ரூமை ஆரம்பிச்சப்போ நானும் ஒரு மருந்து ஃப்ரிட்ஜும்தான் இருந்தோம். யார் வரப்போறாங்கன்னு சிரிச்சாங்க. ரொம்ப சந்தோஷமா இருக்கு எனக்கு... சார், கொஞ்ச நேரம் இங்கயே உக்காந்திருங்க, மயக்கம் கியக்கம் வருதான்னு பார்க்கணும். அப்புறம், அடுத்த மாசம் ரெண்டாவது டோஸ்.

மாமா: என்னது?

சிஸ்டர்: இதோ வந்துடறேன்.

மாமா: சிஸ்டர்... போயிட்டாங்க. ரெண்டாவது டோஸா? உனக்குத் தெரியுமா இது?

வாலு: தெரியும். சொன்னா நீ இன்னொரு பஸ் ஏறியிருப்ப. வலிக்குதா?

மாமா: இல்லவே இல்ல.

வாலு: பொய்.

மாமா: லேசா. எறும்பு கடிச்ச மாதிரி.

வாலு: எனக்குக் குடுக்க உன் இடுப்பெலும்புல மஜ்ஜை எடுத்தாங்களே, அப்போ?

மாமா: அது அப்போ மயக்க மருந்து குடுத்துட்டாங்க. எழுந்தப்புறம்தான் நாலு நாள் நடக்கவே... ஏய். நீ என்ன கேட்ட? யாரு சொன்னது உனக்கு? அம்மாவா? இந்த சிஸ்டரா?

வாலு: யாரும் வாயே திறக்கலை. வெளியூர்ல யாரோ நல்லவங்க குடுத்தாங்கன்னே எல்லாரும் சொல்றாங்க. ஆனா என் ரத்த வகை மாறிடுச்சு மாமா. முன்னாடி பி பாசிட்டிவ். இப்ப ஓ நெகட்டிவ்னு லேப்காரர் சொன்னாரு. குடுத்தவங்களோட வகைதான் வருமாம். நம்ம வீட்டுல ஓ நெகட்டிவ் யாரு? உன் வேலை ஹெல்மெட்டுல பெருசா பெயின்ட் அடிச்சு எழுதி வச்சிருக்கியே. ஊசியைப் பார்த்தாலே ஓடறவன் அதுக்கு எப்படிப் போன?

மாமா: நீ அன்னைக்குப் படுத்திருந்த கோலத்தைப் பார்த்துட்டுப் போனேன். அதுக்கப்புறம் ஓட முடியலை... இவ்வளவுதான்டா.

வாலு: ஏன் மாமா என்கிட்ட மறைச்ச?

மாமா: பயம்தான். தெரிஞ்சா நீ என்னைக் கிண்டல் பண்றதை விட்டுடுவ. பெரிய மனுஷன் மாதிரி மரியாதை குடுக்க ஆரம்பிச்சிடுவ. அதை என்னால தாங்க முடியாது.

வாலு: எனக்குத் தெரிஞ்சு ஒரு மாசமாகுது. மரியாதை ஏதாவது கண்ணுல பட்டுச்சா?