பால்வீதிக்குக் குறுக்க ஒரு பல்பு

அட, துப்பாக்கி இல்ல சார் அது, பயப்படாதீங்க! கேமராவ நிக்க வக்கிற ஸ்டாண்டு. கண்டக்டரும் அப்புடித்தான் மொறச்சாரு. இதுக்கு லக்கேஜ் டிக்கெட்டாம்! மூணு காலு இருக்குன்னா மூணு டிக்கெட்டு கேப்பாரு போல... நல்லா சாஞ்சி ஒக்காருங்க, நான் ஒதுங்கிக்கிறேன். சிதம்பரந்தான? நானும் அங்கதான். அங்கேருந்து பிச்சாவரம் பஸ்ஸு.

என்ன சொல்ல வந்தேன்... ஆங், மரியாத! போட்டோ புடிக்கிறவனுக்கு மரியாதயே இல்ல சார். கடலூர் முதுநகர்ல துணிக்கட வச்சிருக்கேன். கிபாயத்துல்லான்னு கேட்டா யோசிப்பாங்க. போட்டோ பாய்னு கேட்டா சிரிச்சிக்கிட்டே வழி சொல்லுவாங்க. படம் பாக்குறீங்களா? இந்தாங்க. இது மீன்கொத்தி. இல்ல, அது மரக்கெள... மீன்கொத்தி பறந்துடிச்சி. ஆனா கெள நல்லா விழுந்துருக்குல்ல? இது சில்வர் பீச்சுல சூரியன் கெளம்புறது. நடுவுல நாயி, அது அதுவா வந்துச்சி. இது சந்திரன். எம் பொஞ்சாதி நஸீமா இத பாத்துட்டு, "ஏங்க, பணியாரத்த எதுக்கு போட்டோ புடிச்சீங்க?"ன்னா!

சரி, போவட்டும். பால்வீதி கேள்விப்பட்டிருக்கீங்களா? வானத்துல வெள்ளையா பொக மாதிரி, எல்லாம் நச்சத்திரம். அமாவாச இருட்டுல, வெடியறதுக்கு முன்னாடி, கடல் பக்கம் ஏறி வரும். நம்ம கடலூர்ல எங்க தெரியும், ஊரெல்லாம் லைட்டு ஜாஸ்தி. அதான் போன அமாவாசைக்கி பிச்சாவரத்துக்கு அந்தாண்ட ஒரு குப்பத்துக்குப் போனேன். தண்ணிக்குள்ளயே வேரு வுட்டு நிக்கிற அந்த சுரபுன்னக் காட்டுக்கு மேல... அல்லா! அப்புடி ஒரு வானம் சார். வாயில கொசு போனதுகூட தெரியல.

ஆனா பாருங்க, கரயில ஒரு கம்பம். அதுல ஒரு பல்பு. இம்மாம்பெரிய வானத்துக்குக் குறுக்க ஒத்த பல்பு! கேமராவ எந்தப் பக்கம் திருப்புனாலும் படத்துல வெளுத்துக்கிட்டு நிக்கிது. எனக்கு அழுவயே வந்துடிச்சி. அப்பறம் அது அணஞ்சிது பாருங்க... அடடா! எடுக்குறேன், எடுக்குறேன், எடுத்துக்கிட்டே இருக்கேன்.

அப்பத்தான் காட்டுக்குள்ளேருந்து ஒரு கொரலு. "ஏய், கரயில யாரு? லைட்டு எங்க?"ன்னு. பக்கிரின்னு ஒரு மீனவரு, வலைக்கிப் போயிட்டு திரும்புறாரு. அந்த பல்ப பாத்துத்தான் வாய்க்கால்ல வழி புடிப்பாங்களாம். இருட்டுல தடம் மாறி, படகு வேருல மாட்டிக்கிச்சி. ஒருபக்கமா சாஞ்சி தண்ணி ஏறுது. குப்பமே எந்திரிச்சி ஓடியாருது. அவுரு பொஞ்சாதி ராசம்மாள் கரயில நின்னுக்கிட்டு, "கொரலு குடுய்யா, கொரலு குடுய்யா"ன்னு... அந்தச் சத்தம் இன்னும் காதுலயே நிக்கிது சார்.

குதிச்சிட்டேன். நீச்சலா? எங்க தெரியும்! துறமுகத்துப் பக்கத்துல பொறந்து என்ன புண்ணியம்? இடுப்பளவு சேறு. கழுத்துல தொங்குன கேமராவுக்கு அன்னியோட ஆயுசு முடிஞ்சிது. இப்ப வச்சிருக்கறது மச்சானோடது, எரவல். டார்ச்ச வாயில கடிச்சிக்கிட்டு, அவுங்களோட சேந்து படக தள்ளுனேன். தள்ளுனேன்னா... என்னத்த தள்ளுனேன், வுழாம புடிச்சிக்கிட்டு நின்னேன்.

பக்கிரிக்கி ஒண்ணும் ஆவல, அல்ஹம்துலில்லா. வேருல இருக்குற சிப்பி கிழிச்சி முழங்கால்ல ரத்தம், அவ்வளவுதான். கரயேறுனதும் ராசம்மாள் கம்பத்துக்கிட்ட போயி நின்னுடிச்சி. "சுச்சிப் பொட்டி தொறந்து கெடக்கு. லைட்ட நிறுத்துனது எவன்?"

என்ன சார் அப்புடி பாக்குறீங்க? அணஞ்சிதுன்னுதான சொன்னேன்? தானா அணஞ்சிதுன்னு சொன்னேனா? கையெட்டுற ஒயரத்துல சுச்சி இருந்திச்சி... கொஞ்ச நேரந்தானன்னு... ஆமா. நான்தான்.

அங்கயும் சொல்லிட்டேன், "நான்தாம்மா"ன்னு. ஏசுனிச்சி பாருங்க, தமிழ்ல இவ்ளோ வார்த்த இருக்குன்னு அன்னிக்கித்தான் தெரிஞ்சிக்கிட்டேன். ஒரு வார்த்தகூட ஜாஸ்தி இல்ல சார். பக்கிரிதான் முழங்கால துணியால கட்டிக்கிட்டே சிரிச்சாரு. "வுடு புள்ள. பாய் சேத்துல நின்னத எவனாச்சும் போட்டோ புடிச்சிருக்கணும்"ன்னாரு. அப்பறம், "அடுத்த அமாவாசைக்கி வாங்க பாய். எங்க ஆளுங்க எல்லாரும் வந்து சேந்ததும் நாங்களே நிறுத்துறோம்"ன்னாரு. ராசம்மாள் மூஞ்சத் திருப்பிக்கிட்டு போயிடிச்சி.

அதான் இன்னிக்கி போறேன். படத்துக்கு மட்டும் இல்ல சார். அந்தம்மா முன்னாடி ஒரு தடவ போயி நிக்கணும். எப்புடி பேச்ச ஆரம்பிக்கிறதுன்னுதான்...

என்ன சார் எந்திரிச்சிட்டீங்க? இது புதுச்சத்திரம்! சிதம்பரம்னு தலய ஆட்டுனீங்களே... ஓ, இங்க ஜோலியா? சரி, சரி, பாத்து எறங்குங்க.

வருத்தமெல்லாம் இல்ல சார்! அன்னிக்கி திரும்பி வர்றப்ப எனக்கே என் பக்கத்துல ஒக்கார புடிக்கல!