வேலியேற்றத்தன்று கழற்றிய ப்ளக்

சார், செயினுக்கு எண்ணெய் விடுமுன் அதைத் துடைக்க வேண்டும். பலர் அழுக்கின் மேலேயே விட்டுவிடுகிறார்கள். மண்ணும் எண்ணெயும் சேர்ந்து அரம் மாதிரி பல்சக்கரத்தைத் தின்றுவிடும். நீங்கள் கேட்டது மச்சான் பாண்டித்துரை செத்ததைப் பற்றி என்று தெரியும். அங்கே வருவதற்கு இதுதான் வழி.

அவர் என் அக்கா இசக்கிசெல்வியின் வீட்டுக்காரர். மட்டாஞ்சேரியில் மிளகு சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் இரண்டு பேரும் மூட்டை தூக்கினோம். ஒரே வீடு, ஒரே வண்டி. ஓட்டுவது அவர், பார்த்துக்கொள்வது நான். கிளட்ச் கேபிள் அறும்வரை நான் காத்திருப்பதில்லை. அக்கரை பிராட்வே கடைத்தெருவில் வாங்கிய புதுசு ஒன்றைச் சீட்டுக்கு அடியில் சுருட்டி வைத்திருப்பேன். எழுத்துக் கூட்டப் படித்தபின் நான் முழுசாகப் படித்ததே வண்டியோடு வந்த புத்தகத்தைத்தான். உப்புத் தண்ணீரில் ஓட்டக் கூடாது என்று அதில் போட்டிருந்தது.

எங்கள் சந்தில் உப்புத் தண்ணீர் தானாக வரும். கடலை ஒட்டிய காயல் பொங்கி ஓடை வழியாக ஏறும். வேலியேற்றம் என்பார்கள். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால் அளவு நிற்கும். மச்சான் அதற்குள்ளேயே சைலன்சர் முங்க ஓட்டுவார்.

"தண்ணிதானல மாப்ள. வண்டியும் குளிக்கட்டும்" என்று சிரிப்பார்.

அதனால் தண்ணீர் ஏறும் நாளில் ப்ளக்கைக் கழற்றி மடியில் கட்டிக்கொள்வேன். தூசி இறங்காமல் ஓட்டையில் துணி அடைப்பேன். கிளம்பாத வண்டியை யாரும் கெடுக்க முடியாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, சந்தில் தண்ணீர் ஏறியிருந்தது. மச்சான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"மாப்ள, மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரிக்கு விடுல."

சந்தில் தண்ணீர் நின்றால் ஆட்டோ வராது. அக்கா என் மடியைப் பிடித்து இழுத்தாள்.

"ப்ளக்கப் போடுல. உங்கால்ல விழுதேன்."

"போடுதேன்க்கா. கொஞ்சம் எறங்கட்டும்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

தண்ணீர் இறங்கவில்லை. சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட வந்தது. உள்ளே போனால் பேரிங் துருப்பிடிக்கும். பக்கத்திலிருந்த கிட்டங்கி மேடையில் ஏற்றிவிடலாம் என்று வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கினேன். அப்போதுதான் எதிர்வீட்டு ஸ்ரீநாத் தண்ணீரில் ஓடிவந்தான். அவனும் எங்களோடு மூட்டை தூக்குகிற மலையாளி.

"எடா, ஆளத் தூக்குடா. வண்டி அவிட கெடக்கட்டே."

மச்சானை மெயின் ரோடு வரை தூக்கியிருக்க முடியாதா என்று நீங்களும் கேட்டீர்கள். முடியும். ஒரு மிளகு மூட்டையைவிட அவர் லேசு. ஆனால் தூக்கிய சுமையைப் பாதியில் கீழே வைப்பது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. அதை எனக்குச் சொல்லித் தந்ததே மச்சான்தான். பின்பக்கத்தையும் ஏற்றி, ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பினேன். ஸ்ரீநாத் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு சந்து முனையைத் தாண்டியிருந்தான்.

கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். நானும் என் பங்குக்குச் சொன்னேன். மழைக்காலம் முழுக்க மச்சானுக்கு ஏணி ஏறினால் மூச்சு இரைத்தது. சத்தம் மாறினால் வண்டியைக்கூட அன்றைக்கே பிரித்துப் பார்ப்போம், இவர் யாரிடமும் காட்டவில்லை என்றேன். டாக்டர் குனிந்து சீட்டில் எழுதினார். ஒத்துக்கொண்டார் என்று வைத்துக்கொண்டேன்.

அக்கா என்னிடம் கடைசியாகப் பேசியது ஒன்றுதான்.

"ஸ்ரீநாத் யாரோ ஒருத்தன். அவனுக்குத் தூக்கணும்னு தோணுச்சே."

அவன் கையில் வேறு சுமை இல்லையே அக்கா என்றேன்.

நீங்கள் கேட்டதை எழுதிவிடுகிறேன். ப்ளக் என் மடியில் இருந்தது. போட்டு மிதித்திருந்தால் வண்டி கிளம்பியிருக்கும். அந்தத் தண்ணீரிலும் மெயின் ரோடு வரை போயிருக்கும். நான் பார்த்த வண்டி அது, எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுக்கவில்லை.

இப்போது வண்டியை ஸ்டேஷன் முற்றத்தில் ஓடை ஓரமாக நிறுத்தியிருக்கிறீர்கள். அடுத்த வேலியேற்றத்துக்குள் மேட்டில் ஏற்ற வேண்டும். என்னைக் கூப்பிட்டால் விலங்கோடு வந்தாவது தூக்கி வைப்பேன். கண் முன்னால் ஒன்று கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியாது சார்.