சூடான என்ஜினை உடனே நிறுத்தக் கூடாது

பழைய டீசல் என்ஜினைப் பார்க்கிற யாரும் முதலில் கேட்பது, இது இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்றுதான். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை அக்கறையாக விசாரிப்பதில்லை. நீங்களும் அதைக் கேட்டுத்தான் ஆரம்பித்தீர்கள், இன்ஸ்பெக்டர். என்னைப் பேச வைக்கிற தந்திரம் என்று தெரிந்தும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் மணி நேரம் ஓடும். பிறகு லைனர், பிஸ்டன், ரிங் மாற்றினால் இன்னொரு ஆயுள். எங்கள் டிராக்டர் 1964ஆம் வருஷத்துத் தயாரிப்பு. என் மாமனார், தீவின் வடமேற்குக் கோடியில் லிம் சூ காங்கில் இருந்த தன் கீரைத் தோட்டத்துக்காக வாங்கியது. நான் துறைமுகத்தில் டீசல் மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்து நாற்பத்து மூன்று வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிடோக்கில் இருக்கும் வீட்டிலிருந்து பஸ் மாறி மாறிப் போய் அதைக் கவனித்துக்கொண்டேன். என் மனைவி பூவம்மாவின் பிறந்தநாளை மறந்திருக்கிறேன். ஆயில் மாற்ற மறந்ததில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. வேலை செய்து சூடேறிய என்ஜினைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. வேகத்தைக் குறைத்து ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, சூடு தணிந்த பிறகே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மேல்பகுதி வளைந்துபோகும். தோட்டத்தில் எல்லோருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒருவர் காதிலும் ஏறியதில்லை.

மாமனாருக்குப் பிறகு தோட்டம் பூவம்மாவின் தம்பி ராமலிங்கத்துக்கு வந்தது. நிலத்தின் குத்தகைக் காலம் முடியப்போகிறது என்றதும் அவர் என்னைத் தேக்கா சந்தைக்கு வரச்சொல்லி, வடையும் தே தாரேக் டீயும் வாங்கிக் கொடுத்தார்.

“அத்தான், டிராக்டருக்கு ஆள் கெடச்சாச்சு லா. கிராஞ்சில ஒரு கஃபே. வாசல்ல நிறுத்தி வைப்பாங்க, வர்றவங்க ஃபோட்டோ எடுக்க.”

“என்ஜின்?”

“அது வேணாமாம். ஆயில் சொட்டும், ஸ்மெல் வரும்னு சொல்றாங்க. கழட்டிட்டு உள்ள பூச்செடி வைக்கப் போறாங்களாம். நீங்களே கழட்டிக் குடுத்துடுங்க, உங்களுக்குத்தான் கை பழகியிருக்கு.”

எங்கள் என்ஜின் ஒரு சொட்டு ஆயில் சிந்தியதில்லை. சொட்டிக்கொண்டிருந்தது ராமலிங்கத்தின் மூக்குதான், அவருக்கு சைனஸ். இருந்தாலும் வடையைத் தின்று முடித்தேன், நல்ல வடை.

ஒப்படைக்கிற நாள் வெள்ளிக்கிழமை. காலையில் வழியனுப்பும் பூஜை வைத்தார் ராமலிங்கம். வெட்டுவதற்கு முன் மாலை போடுவது நம் ஆட்களுக்குப் புதிதா என்ன? சிராங்கூன் ரோடு கோயிலிலிருந்து நேராகப் பட்டு வேட்டியோடு வந்தார், கழுத்தைச் சுற்றி ஜரிகைத் துண்டு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூவம்மா சுண்டல் எடுத்துவர உள்ளே போனாள். நான் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன்.

அப்போதுதான் பக்கவாட்டில் இருக்கும் பெல்ட் சக்கரத்துக்குப் பொட்டு வைக்காதது அவர் கண்ணில் பட்டது. “ஒரு நிமிஷம் அத்தான், இதுக்கு வைக்கல” என்று சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தார். சுற்றுகிற சக்கரத்துக்குப் பொட்டு வைக்க நம்மவர்களால்தான் முடியும். சக்கரம் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டது. துண்டு போன பக்கம் கழுத்தும் போனது.

“அத்தான், நிறுத்துங்க” என்றார். தெளிவாகக் கேட்டது.

நிறுத்துகிற குமிழ் என் வலது கையிலிருந்து ஒரு சாண் தூரம். இழுத்தால் டீசல் நின்றுவிடும், சக்கரமும் நின்றுவிடும். நான் வேகத்தைக் குறைத்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் பானட்டை மூன்று முறை தட்டினார். அதற்கு முந்தின மாதம்தான் பெயிண்ட் அடித்திருந்தேன். அதற்குப் பிறகு தட்டவில்லை. ஐந்து நிமிடம் முடிந்ததும் குமிழை இழுத்தேன். ஒரு குலுக்கல் இல்லாமல் என்ஜின் நின்றது. திரும்பினால் பூவம்மா சுண்டல் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று எனக்குத் தெரியாது. மூன்று மாதமாக அவள் என்னோடு பேசவில்லை. அது வலிக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது.

கொலை என்கிறீர்கள். கொல்ல நினைப்பவன் வேகத்தைக் குறைப்பானா? அதையும் உங்கள் அறிக்கையில் சேருங்கள். நான் விதியைக் கடைப்பிடித்தேன். நாற்பத்து மூன்று வருஷப் பழக்கம், கை தானாகச் செய்தது. சாட்சிப் பொருள் என்று டிராக்டரை எடுத்துப் போனீர்களே, வாரம் ஒருமுறை யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இன்னும் இருபது வருஷம் தாராளமாக ஓடும்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள்: துண்டு மாட்டிக்கொள்வதற்கு முன் என்ஜின் எவ்வளவு நேரம் ஓடியிருந்தது? ஒரு நிமிடம்கூட இருக்காது. வெப்பம் காட்டும் ஊசி அடியிலேயே கிடந்தது. குளிர்ந்த என்ஜினை எந்த விநாடியிலும் நிறுத்தலாம், அதற்கு ஒன்றும் ஆகாது. கைக்கடிகாரத்தை நான் இரண்டு முறைதான் பார்த்தேன். மற்ற நேரமெல்லாம் அந்த ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.