நிலவை இழுக்கும் எந்திரத்தின் சத்தம்

அப்பளம் எந்தக் கடையில் வாங்கினாலும் பரவாயில்லை சார், நன்றாகப் பொரிந்திருந்தால் போதும். மைக்கருகே வைத்து மெதுவாக நொறுக்கிப் பாருங்கள், ஒரு பனிக்கோள் பிளக்கும். போன வருடம் தியேட்டரில் அதைக் கேட்டுச் சனம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உலகத்தில் இல்லாத பொருளுக்குச் சத்தம் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு.

இந்தப் படத்தில் ஓர் எந்திரம் வருகிறது. நிலவையே சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போகும். அதை வரைய ஒரு பட்டாளமே உட்கார்ந்திருந்தது. அதற்குக் கனம் கொடுக்க நான் ஒருத்தன்தான். நான் செய்து காட்டியதையெல்லாம் டைரக்டர், "பாத்திரக்கடை மாதிரி இருக்கு" என்று ஒதுக்கினார். அந்த வார்த்தை சுட்டது. மறைப்பானேன்.

ஜோயலும் நானும் மணிமங்கலத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறான். கூரைக்கடியில் தண்டவாளத்தில் ஓடும் கிரேன். எஃகுத் தகட்டுச் சுருளைத் தூக்கிக்கொண்டு அது நகரும்போது ஷெட்டே அடிவயிற்றிலிருந்து உறுமும். நான் தேடியது அதுதான். ஆனால் கிரேன் நகர்கிறவரை ஹூட்டர் ஒன்று விடாமல் அலறும், கீழே யாரும் வந்துவிடாமல் இருக்க.

உற்பத்தி லைன் ஓடாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போனேன். ஹூட்டர் வயரைக் கழற்றச் சொன்னேன்.

"அது வோணாம் மச்சான். இங்க எவனும் மேல பாத்து நடக்க மாட்டான். ஹூட்டர் கேட்டாத்தான் நிப்பான்" என்றான் ஜோயல்.

"ஷெட்டுல நம்ம ரெண்டு பேர்தான கீறோம். ஒரே டேக்குடா."

அவன் தொடவில்லை. ஏணியில் ஏறி நானே கழற்றினேன். இதை நன்றாக எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒருவர் இருந்தார். ஷெட்டைக் கூட்டும் கொம்பையா, தென்காசிப் பக்கத்துக்காரர். எங்களுக்கு டீ வாங்கக் கிளம்பும்போது, "ஊளைச் சத்தம் நின்ன பெறவுதான் உள்ள வருவேன் சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். சரி என்றேன். ஊளையே இருக்காது என்று அவருக்குச் சொல்லவில்லை. விளக்கிக்கொண்டிருந்தால் வேலை கெட்டுவிடும்.

கிரேன் நகர்ந்தது. ஹெட்போனில் கேட்டேன். முப்பது வயதுக்கு மேல் எனக்கு அழுகை வந்தது அன்றுதான். நிலவு கிளம்பிவிட்டது சார், நிஜமாகவே கிளம்பிவிட்டது.

அப்போது ரப்பர் செருப்புச் சத்தம் வந்தது. அமைதியாக இருக்கிறதே, வேலை முடிந்தது என்று கொம்பையா உள்ளே வருகிறார். சுருள் மறைத்ததால் ஜோயலுக்கு அவர் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தார். கையில் டீ பிளாஸ்க், பார்வை தரையில். எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்கிறீர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு இருந்தது. செருப்புச் சத்தத்தைப் பிறகு வடிகட்டிவிடலாம், கத்தினால் என் குரலை எடுக்கவே முடியாது. அவ்வளவுதான் நினைத்தேன்.

சுருளுக்கும் தூணுக்கும் நடுவே நசுங்கி அவர் போய்விட்டார்.

ஜோயலை நீங்கள் பிடித்து வந்ததால் காலையிலிருந்து அவன் மனைவி ஷாரோன் உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள். "அண்ணா, நீங்க ஷெட்டுக்குள்ளதான இருந்தீங்க? இன்னா நடந்துச்சுனு நீங்களாச்சும் சொல்லுங்கண்ணா" என்றாள். அதற்காகத்தான் வந்தேன். ஜோயலை வெளியே விடுங்கள், என்னை உள்ளே வையுங்கள். ஆனால் தலைகுனிய மாட்டேன். விபத்தில் சாகிறவர்களை ஸ்ரீபெரும்புதூர் ரோடு மறுநாளே மறந்துவிடுகிறது. கொம்பையா அந்தச் சத்தத்துக்குள் இருப்பார். அவருக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யார் செய்துவிடப் போகிறார்கள்?

ரெக்கார்டரை மட்டும் டைரக்டரிடம் சேர்த்துவிடுங்கள். சந்தேகமிருந்தால் நீங்களே போட்டுக் கேளுங்கள் சார், அத்தனை சுத்தமான பதிவு. ஜோயல் அலறுகிறவரை அதில் மனிதக் குரலே கிடையாது.