சின்னவனின் பிறப்புச் சான்றிதழ்

என் பெயரும் வீட்டு முகவரியும் முதல் தாளில் கண்டபடி. வயது ஐம்பத்திரண்டு. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் துணிகளுக்கு இஸ்திரி போடும் வேலை. கணவர் உயிருடன் இல்லை. பொய்ச் சான்றிதழ் வழக்கில் நேற்றுக் கைதான கால்பந்து ஆட்டக்காரர் என் மூத்த மகன். யாரும் அழைக்காமல் நானாக ஸ்டேஷனுக்கு வந்து சொல்கிறேன்.

எனக்கு இரண்டு பையன்கள், இரண்டு வயது வித்தியாசம். சின்னவன் ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். பதிவு அலுவலக வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். எழுதிக் கொடுக்க மனசு வரவில்லை. அந்த இறப்பு இன்றுவரை பதிவாகவில்லை.

அதன் பிறகு பெரியவனுக்குப் பதினைந்து வயதானபோது கிளப்பில் ஆள் எடுத்தார்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும் என்று அறிவிப்பில் இருந்ததால், பெட்டியிலிருந்து சின்னவனின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். பெரியவன் அழுதான். "அது தம்பியோடதும்மா, எனக்கு வேணாம்மா" என்றான். "அவன் என்ன கோவிச்சுக்கவா போறான்? வாய மூடிக்கிட்டுப் போய் ஆடுடா" என்று அதட்டியது நான். விண்ணப்பத்தை நிரப்பியதும் நான்.

அதன் பிறகு பதினோரு வருடம் தம்பி பெயரில்தான் ஆடினான். வெளியில் வாய் தவறிவிடும் என்ற பயத்தில் வீட்டிலும் அப்படியே கூப்பிட்டேன். எனக்கு ஆட்டம் ஒரு மண்ணும் புரியாது, இருந்தும் விடாமல் போவேன். அவன் கோல் போட்டால் மைதானமே சின்னவன் பெயரைச் சொல்லிக் கத்தும். அதைக் கேட்கத்தான் போனேன். பெற்ற வயிறு, வேறென்ன சொல்ல.

சென்ற வாரம் பழைய பள்ளிக்கூடப் புகைப்படம் ஒன்று, பெரியவன் முகத்துக்குக் கீழே அவனுடைய சொந்தப் பெயரோடு வெளியாகி, அதன் பிறகு கிளப் புகார் கொடுத்தது. எல்லாம் தானே செய்ததாகப் பெரியவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். அது பச்சைப் பொய்.

இன்று காலை லாக்கப் கம்பிக்கு வெளியே நின்று அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்த ஆள்தான் திரும்பினார். அதன் பிறகு தம்பி பெயரைச் சொன்னேன். "என்னம்மா?" என்று எழுந்து வந்தான். பாவி நான், அவன் பெயரையும் தின்றுவிட்டேன்.

சின்னவன் இறந்த தேதியை இன்ஸ்பெக்டர் கேட்டார். சொன்னேன், எழுதிக்கொண்டார். தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள், இருக்கிற பிள்ளையை விட்டுவிடுங்கள்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். அந்தத் தேதி வந்த இடத்தில் மட்டும் நிறுத்தி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். தேதி சரிதான். மற்றதும் உண்மை.

(கையொப்பம்)
இருவருக்கும் தாய்