ரிங்லெட் கேட்டில் மளிகைக்கடை பாய்

வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தில், ரிங்லெட் டவுனிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் எல்லோரையும் முள்வேலி கேட்டில் போலீஸார் சோதித்தார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதாம். டின் சாமான்களைப் பதுக்கிவைக்க முடியாதபடி, விற்கும்போதே கடைக்காரர் ஓட்டை போட்டுத் தர வேண்டும். என் பால் டின் ஒழுகியதில் எறும்புகள் மட்டும் எனக்குத் தனி மரியாதை கொடுத்தன.

"பாய், உங்க டவுன்ல இப்ப ஓட்டையத்தான் விக்கிறீங்க. டின்னு இனாம்," என்றாள் கேட் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கொழுந்தெடுக்கும் பெண்.

ஆளில்லாத கடையைப் பூட்டிவிட்டு, வராத ஆட்களைத் தேடி கேட்டுக்கே வந்திருந்த மளிகைக்கடை பாய்க்குச் சுருக்கென்றது.

"ஓட்டை துரைமார் சட்டம், தங்கச்சி. நீங்க இப்படியே வர்றதக் கொறச்சுக்கிட்டா, நான் கடைய மூடிட்டு ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான்."

"மூணு மைல் நடந்து, ஒரு மணி நேரம் கியூவுல நின்னு, ஒழுகற டின்னத் தூக்கிட்டுப் போகவா வரணும்?"

"ரேடியோ வைக்கிறேன். புது பல்பு போடறேன்."

"பல்பப் பாத்தா பசியாறுமா? ஓட்டை போட்ட பால்ல இங்கயே டீ ஆத்துங்க. மொத்தக் கியூவும் குடிக்கும் லா."

"கொழுந்தெடுக்கிறவங்களுக்கே டீ விக்கச் சொல்றியா?"

"நாங்க எடுக்கிறதத் துரை குடிக்கிறாரு. எங்களுக்குக் குளிருது, பாய்."

பாய் வரிசையின் கடைசிவரை தலைகளை எண்ணிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துச் சோதனை வேகம் பிடித்தது. ஐந்தாறு பேர் ஒரே மூச்சில் கேட்டைத் தாண்டிப் போனார்கள்.

பாய் பதறிவிட்டார்.

"என்ன இவனுங்க, ஏனோதானோன்னு சோதிக்கிறானுங்க! ஒவ்வொருத்தரையும் நிதானமாப் பாக்க வேணாமா?"